நாற்பது வால்களும் ஒரு டிபன் டப்பாவும்

எங்கள் பள்ளி ஆய்வகத்தின் மர அலமாரியில், அமிலக் குப்பிகளுக்குப் பக்கத்தில், பழுப்பு அட்டை போட்ட நோட்டு ஒன்று இருக்கிறது. அட்டையின் மேல் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறாள்: 'வால் பதிவேடு'. ஆய்வுக்கு வந்த அதிகாரி அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு என்னையும் ஒரு மாதிரியாகப் பார்த்தார். உள்ளே வரிசை எண், தேதி, மணி, வாலின் நிறம், வளையம் உண்டா, எந்தப் பக்கம் போனது என்று கட்டம் போட்டு நாற்பது பதிவுகள். முகத்துக்கென்று கட்டமே கிடையாது. நாங்கள் செய்த கேமராவில் அதுவரை எந்த விலங்கின் முகமும் விழவில்லை.

பள்ளி இருப்பது திண்டுக்கல் மாவட்டத்தில், அய்யலூர்ப் பக்கம். வகுப்பு ஜன்னலைத் திறந்தால் குன்றுகள் தெரியும். 2022-ஆம் ஆண்டு கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் பரப்பைக் கடவூர் தேவாங்கு சரணாலயமாக அரசு அறிவித்ததே, அந்த வட்டாரம்தான். தேவாங்குக்கென்று நாட்டில் ஏற்பட்ட முதல் சரணாலயம் அது. அன்றிலிருந்து எங்கள் பிள்ளைகளுக்குத் தேவாங்குப் பைத்தியம். ஞாயிற்றுக்கிழமைகளில் கழுத்தில் கேமராவை மாட்டிக்கொண்டு பறவைகளைப் படம் எடுக்கப் போகிறவள் நான் என்பதால், திங்கட்கிழமை காலையில் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்: "டீச்சர், தேவாங்கு கிடைத்ததா?"

கேமரா செய்யும் எண்ணம் வந்தது தேவாங்கினால் அல்ல, பப்பாளியினால். சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால் பிள்ளைகள் வளர்க்கும் தோட்டத்தில் நான்கு பப்பாளி மரங்கள், சில வாழைகள், ஒரு முருங்கை. பழுக்கிற பப்பாளியெல்லாம் இரவோடு இரவாகக் குடையப்பட்டுக் கிடந்தது. பெருச்சாளி என்றார் காவலாளி. சத்துணவு அமைப்பாளர் அம்மாவுக்கு ஏழாம் வகுப்புப் பையன்கள் மேல் சந்தேகம். பையன்களோ கோயிலில் சத்தியம் செய்யத் தயாராக இருந்தார்கள். "ராத்திரி முழுக்கக் கேமராவை வைத்துப் பார்த்துவிடலாமே டீச்சர்" என்று அவர்களில் ஒருவன் சொன்னான். குற்றம் சாட்டப்பட்டவனே சாட்சியைக் கேட்கும்போது மறுக்க முடியுமா?

ஆளில்லாமல் தானே படம் எடுக்கும் கேமரா புதிய சரக்கல்ல. அமெரிக்காவில் ஜார்ஜ் ஷிராஸ் என்பவர் 1890-களிலேயே மான் நடமாடும் வழியில் கம்பியைக் கட்டி, அது இடறினால் வெளிச்சம் வெடித்துப் படம் விழும்படி செய்தார். நம் நாட்டில் வனத்துறை அதிகாரியாக இருந்த எஃப். டபிள்யூ. சாம்பியன் 1920-களில் புலிகளை இப்படித் தங்களையே படம் எடுத்துக்கொள்ள வைத்தார். இன்று கடையில் நல்லதாக ஒன்று வாங்கினால் பத்தாயிரம் ரூபாயை ஒட்டி வரும். பள்ளி நிதியில் அதைக் கேட்டால் என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும். நாமே செய்வோம் என்று முடிவானது.

மூளைக்கு ஈ.எஸ்.பி.32-கேம் என்ற போர்டு. தீப்பெட்டி அளவுதான், ஐந்நூறு ரூபாய்ச் சொச்சம், 2 மெகாபிக்சல் கேமராவும் மெமரி கார்டு செருகும் இடமும் அதிலேயே இருக்கின்றன. விலங்கு வருவதை அறிய, கடைகளில் ஆள் வந்ததும் விளக்கு எரிகிறதே, அதே பி.ஐ.ஆர். சென்சார். மின்சாரத்துக்கு 18650 வகை லித்தியம் செல்கள் இரண்டு, அவற்றின் 3.7 வோல்ட்டை 5 ஆக்கித் தரும் சிறு பலகை, பாதுகாப்புச் சுற்றோடு கூடிய சார்ஜர் பலகை. பழைய லேப்டாப் பேட்டரியை உடைத்தால் செல் இலவசமாகக் கிடைக்கும் என்று மெக்கானிக் மகனான மாணவன் ஒருவன் ஆசை காட்டினான். பிள்ளைகள் இருக்கிற அறையில் அந்த விளையாட்டு வேண்டாமென்று புதிதாகவே வாங்கினேன். பெட்டிக்கு, நான்கு பக்கமும் கிளிப் போட்டு மூடும் என் வீட்டு டிபன் டப்பா. என் மாமியார் அதை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்.

முதல் முட்டுக்கட்டை மேசை மேலேயே வந்தது. கணினியோடு இணைத்தால் ஓடிய போர்டு, பேட்டரிக்கு மாற்றியதும் படம் எடுக்கப் போகும் கணத்தில் விழுந்து, மறுபடி எழுந்து, மறுபடி விழுந்தது. மின்னழுத்தம் சரிந்துவிட்டது என்ற ஒரே வரி திரையில் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது. எனக்கு விளங்க அரை மணி நேரம் ஆனது; தோட்டத்து வீட்டுப் பெண் ஒருத்திக்கு அரை நிமிடம். "எங்கள் வீட்டில் மோட்டார் போட்டால் குண்டு பல்பு மங்கிவிட்டு அப்புறம் சரியாகும் டீச்சர். அதுபோலவா?" அதேதான். கேமரா விழிக்கும் கணத்தில் இழுக்கிற மின்னோட்டம் ஒரே தாவலில் ஏறுகிறது. மெல்லிய நீளமான கம்பியில் அழுத்தம் இறங்குகிறது. கம்பிகளைத் தடிமனாகவும் குட்டையாகவும் மாற்றி, போர்டுக்கு மிக அருகில் 1000 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றைப் பற்றவைத்தோம். மின்தேக்கி என்பது தண்ணீர்த் தொட்டி மாதிரி என்று பத்து வருடமாகக் கரும்பலகையில் எழுதிவருகிறேன். அந்தத் தொட்டி நிறைந்திருப்பதால் ஒரு வேலை நடந்ததை அன்றுதான் நானும் கண்ணால் பார்த்தேன்.

லென்ஸ் விஷயம் சுருக்கமாக: தொலைவில் தெளிவாகத் தெரியும்படி திருகி, ஒரு சொட்டுப் பசை வைத்து அனுப்புகிறார்கள். நமக்கு வேண்டியதோ 2 மீட்டர். பசையைக் கீறிவிட்டு லென்ஸை மெல்லத் திருகவேண்டும். மெல்ல என்பதை நான் மதிக்கவில்லை. முதல் கேமராவின் நாடாக்கம்பி கிழிந்தது. இரண்டாவதைப் பிள்ளைகள் என் கையில் கொடுக்கவில்லை.

போர்டில் ஒரு வெள்ளை விளக்கும் இருக்கிறது. அதை எரியவிடச் சொல்லி நாங்கள் எதுவும் எழுதவில்லை. ஆனாலும் ஒவ்வொரு படத்துக்கும் பளிச்சென்று மின்னியது. மெமரி கார்டுக்குத் தகவல் போகும் நான்கு தடங்களில் ஒன்றும் விளக்கின் தடமும் ஒன்றே என்பது பிறகுதான் புரிந்தது. கார்டை ஒற்றைத் தடத்தில் எழுதும்படி நிரலில் ஒரு வரி மாற்றியதும் விளக்கு அடங்கியது. வேகம் குறைந்ததால் நமக்கு ஒன்றும் நட்டமில்லை. நடு இரவில் முகத்தில் வெளிச்சம் அடித்தால் எந்த உயிர்தான் மறுநாள் அந்த வழியாக வரும்?

ஜனவரிக் கடைசியில் டப்பாவைப் பப்பாளிக்கு எதிரே வாழைமரத்தின் மேல் கட்டினோம். பனிக்கும் தூறலுக்கும் பயந்து, முன்பக்க ஓட்டைக்குப் படச்சட்டக் கடைக்காரரிடம் வாங்கிய கண்ணாடித் துண்டை எம்-சீல் வைத்து ஒட்டினோம். லென்ஸ், சென்சார் இரண்டுக்கும் சேர்த்து ஒரே கண்ணாடி. அழகான வேலை. மறுநாள் காலையில் கார்டில் ஒரு படமும் இல்லை. அடுத்த நாளும் இல்லை. மூன்றாம் நாள் ஒரு பப்பாளி குடைபட்டுக் கிடந்தது, கார்டு காலி.

மேசைக்குக் கொண்டுவந்து மூடியைத் திறந்து கையை ஆட்டினால் வேலை செய்கிறது. மூடினால் செய்யவில்லை. ஆட்டம் இப்படியே ஒரு மணி நேரம் நடந்தது. கண்ணாடிதான் தடுக்கிறது என்று ஒருத்தி சொன்னபோது, இன்னொருத்தி என்னையே மடக்கினாள்: "டி.வி. ரிமோட்டிலிருந்து வருவதும் அகச்சிவப்புக் கதிர்தான், அது கண்ணாடி வழியாகப் போகும் என்று நீங்கள்தானே செய்து காட்டினீர்கள்?" உண்மை. செய்துதான் காட்டினேன். ஆனால் அகச்சிவப்பு என்பது ஒரே தெரு அல்ல, பெரிய ஊர். ரிமோட்டின் கதிர் ஏறத்தாழ 0.94 மைக்ரோமீட்டர்; கண்ணுக்குத் தெரியும் சிவப்புக்கு அடுத்த வீடு. நம் உடம்பும் நாயின் உடம்பும் வீசுகிற வெப்பக்கதிர் 10 மைக்ரோமீட்டரை ஒட்டியது, ஊரின் மறுகோடி. முதலாவதற்குக் கண்ணாடி திறந்த கதவு, இரண்டாவதற்குச் சுவர். சென்சாரை நாங்களே சுவர் எழுப்பிக் குருடாக்கியிருந்தோம்.

பிறகு அன்றைய பாடத்திட்டம் கரும்பலகையிலேயே கிடந்தது. கையில் கிடைத்ததையெல்லாம் சென்சாரின் முன் பிடித்துப் பார்த்தார்கள். வாட்டர் பாட்டில் வெட்டிய துண்டு: இல்லை. அளவுகோல்: இல்லை. காகிதம்: இல்லை. யாரோ ஒருவன் பைக்குள்ளிருந்து மெல்லிய கேரி பேக் ஒன்றை எடுத்தான். 2019 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட சரக்கு; எப்படி வந்தது என்று கேட்காமல் பிடிக்கச் சொன்னேன். சென்சார் துள்ளியது! பாலித்தீன் அந்தக் கதிரை விடும். சென்சாரின் தலையில் இருக்கும் வெள்ளைக் குமிழும் பாலித்தீன்தான் என்பதைக் கடைசியில் சொன்னேன். முதலிலேயே சொல்லியிருக்கலாம்தான். சொல்லியிருந்தால் அளவுகோலையும் வாட்டர் பாட்டிலையும் யார் பிடித்துப் பார்த்திருப்பார்கள்? குமிழை ஓட்டை வழியாக வெளியே நீட்டி, சுற்றிலும் எம்-சீல் வைத்து, மேலே பி.வி.சி. குழாயை அரைவட்டமாக வெட்டிக் கூரை போட்டோம். கண்ணாடி லென்ஸுக்கு மட்டும்.

இப்போது நிலைமை தலைகீழ். ஒரே நாளில் 412 படங்கள், எல்லாவற்றிலும் வாழையிலை. வெயிலில் சூடேறிய இலை காற்றில் ஆடினால் சென்சாருக்கு அது ஓர் உயிர். அது பார்ப்பது உருவத்தை அல்ல, வெப்ப வித்தியாசம் இடம் மாறுவதை. மதியம் சூழலே 37 டிகிரியைத் தொடும்போது உண்மையான நாய் குறுக்கே நடந்தாலும் பின்னணியோடு கரைந்துபோகிறது. சூடான இலைக்கோ மரியாதை கிடைக்கிறது. ஓணானும் பாம்பும் எத்தனை முறை கடந்தாலும் பெரும்பாலும் கணக்கில் வராது. அவற்றின் உடல் வெப்பம் மண்ணோடு ஒட்டியே இருக்கும்.

வாழையிலையால் இன்னொரு நட்டமும் வந்தது. செல்கள் எத்தனை நாள் தாங்கும் என்று ஒரு மாணவி முன்பே கணக்குப் போட்டிருந்தாள்: போர்டு தூங்கும்போது 6 மில்லி ஆம்பியர், ஒரு நாளைக்கு 144 மில்லி ஆம்பியர்-மணி, இரண்டு செல்லும் சேர்ந்து 5000, ஆக 34 நாள். ஒன்பதாம் நாள் நின்றுவிட்டது. அவள் முகம் வாடியதைப் பார்க்கச் சகிக்கவில்லை. ஆனால் கணக்கைத் திருத்த நான் உட்காரவில்லை, அவளையே உட்கார வைத்தேன். 3.7 வோல்ட்டை 5 ஆக உயர்த்தினால் செல்லிலிருந்து அதிக மின்னோட்டம் போகும், நடுவில் கொஞ்சம் வெப்பமாகவும் வீணாகும். தூக்கத்துக்கு மட்டுமே நாளொன்றுக்கு 240. அதன்மேல் 412 படம், படத்துக்கு 5 விநாடி, 300 மில்லி ஆம்பியர் வீதம். கூட்டினால் நாளொன்றுக்கு ஐந்நூறைத் தாண்டியது. 5000-ஐ அதனால் வகுத்துவிட்டு நிமிர்ந்தாள். "பாதிக்கு மேல் வாழையிலை தின்றிருக்கிறது டீச்சர்."

பகலில் சென்சார் சொல்வதைக் கேட்காமல் தூங்கு, மாலை 6 மணிக்கு எழுந்திரு என்று நிரலை மாற்றினோம். தூக்கத்தில் போர்டின் உள் கடிகாரம் வெயிலுக்குத் தகுந்தபடி தாறுமாறாக ஓடியது. ஒரு வாரத்தில் பல நிமிடங்கள் பிசகியது. பொத்தான் செல் போட்ட தனிக் கடிகாரப் பலகை ஒன்றைச் சேர்த்ததும் அந்தத் தொல்லை தீர்ந்தது. டப்பாவையும் வாழையை விட்டு விலக்கி, வேலியில் இருந்த சந்துக்கு எதிரே கட்டினோம். எது வந்தாலும் அந்த வழியாகத்தானே வரவேண்டும்?

இருட்டில் படம் எடுப்பது தனி வேலை. பகல் நிறங்கள் கெடாமல் இருக்க, லென்ஸுக்குப் பின்னால் அகச்சிவப்பைத் தடுக்கும் பொட்டு அளவு கண்ணாடி ஒன்று இருக்கும். அதை எடுத்தால்தான் கேமராவுக்கு இரவில் பார்வை. ஊசிமுனையால் சுரண்டி எடுத்தது மெக்கானிக் மகன். அவன் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு செய்தான். விளக்குகளில் இரண்டு சாதி: 850 நானோமீட்டர் நன்றாக வெளிச்சம் தரும், ஆனால் அருகில் போனால் மங்கலான சிவப்புப் பொட்டு கண்ணுக்குத் தெரியும். 940 கண்ணுக்குத் தெரியவே தெரியாது, ஆனால் கேமராவுக்கும் அது அரைக்குருடு. 850-ஐ எடுத்துக்கொண்டோம். முதல் இரவுப் படங்கள் வெள்ளைப் புகையாக இருந்தன. விளக்கும் லென்ஸும் ஒரே கண்ணாடிக்குப் பின்னால் இருந்ததால் வெளிச்சம் உள்ளேயே திரும்பி லென்ஸில் விழுந்திருக்கிறது. சைக்கிள் டியூப் துண்டை வளையமாக வெட்டி லென்ஸைச் சுற்றிக் கண்ணாடியோடு அழுந்த வைத்ததும் புகை போய்விட்டது. இந்த முழு வேலையிலும் எனக்கு மிகவும் பிடித்த பாகம் அந்த டியூப் துண்டுதான்.

நிறமில்லாத படங்களைப் பார்த்துப் பிள்ளைகளுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. அவர்களுக்கு மா. கிருஷ்ணனைப் பற்றிச் சொன்னேன். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன்; காடுகளில் அலைந்து யானைகளையும் மான்களையும் கறுப்பு வெள்ளையிலேயே எடுத்தவர்; வெவ்வேறு கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தாமே ஒட்டுப்போட்டுச் செய்த கனத்த கேமரா ஒன்றைச் சுமந்து திரிந்தவர். "அப்படியென்றால் அவரும் டிபன் டப்பா கட்சியா டீச்சர்?" என்றான் ஒருவன். அவன் கேட்டது மரியாதைக் குறைவு என்று எனக்குப் படவில்லை.

வேலிச் சந்தில் மாட்டிய பிறகுதான் வால்கள் வர ஆரம்பித்தன. சென்சார் உசுப்பி, போர்டு கண் விழித்து, கேமரா வெளிச்சத்துக்குப் பழகுவதற்காக முதல் இரண்டு மூன்று படச்சட்டங்களைத் தள்ளிவிட்டு, ஒரு படத்தைக் கார்டில் எழுதுவதற்குள் இரண்டு விநாடி போய்விடுகிறது. நடந்து போகிற பிராணி அதற்குள் சட்டத்தைக் கடந்துவிடும். கடைசியில் போகிற உறுப்பு மட்டும் எங்களுக்கு.

தூங்கவிடாமல் விழித்தே வைத்திருந்தால் வேகம் கிடைக்கும். பேட்டரி ஒரு நாளைக்கு மேல் நிற்காது. வழியின் நீளவாக்கில் கேமராவைத் திருப்பினால், விலங்கு சட்டத்துக்குள் அதிக நேரம் இருக்கும். திருப்பினோம். வால்கூட வரவில்லை! சென்சாரின் குமிழ் முன்னால் உள்ள வெளியைக் கதிர் கதிராகப் பிரித்து வைத்திருக்கிறது. குறுக்கே நடக்கிறவன் ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டு போவதால் உடனே அகப்படுவான். நேராகத் தன்னை நோக்கி வருகிறவனை அது வெகு தாமதமாகத்தான் உணரும். ஆக, சென்சாருக்குக் குறுக்கு வழி வேண்டும், கேமராவுக்கு நெடுக்கு வழி வேண்டும். ஒரே டப்பாவில் இருவரும் ஒரே திசையைப் பார்த்துக்கொண்டு குடித்தனம் நடத்தினால் எப்படிச் சரிவரும்? இதை யோசித்துக்கொண்டிருந்த மூன்று வாரத்தில்தான் அந்தப் பதிவேடு நாற்பதை எட்டியது.

நான் அந்த வால்களை அழிக்கச் சொல்லியிருந்தேன். ஞாயிறுதோறும் ஒரு மீன்கொத்தியின் கண்ணில் ஒளிப்பொட்டு விழவில்லை என்று நூறு படங்களை அழிக்கிற பழக்கம் எனக்கு. அழிக்காமல் நோட்டுப் போட்டது அந்த ஒன்பதாம் வகுப்பு மாணவி. கட்டங்களை நிரப்பி முடித்துவிட்டு ஒரு நாள் கொண்டுவந்து காட்டினாள். 16 நாய், 7 பூனை, 5 பெருச்சாளி. இவை ஊருக்கே தெரிந்த வால்கள். மீதி 12. அவற்றில் 9 வால்கள் நீளமாக, கருமையாக, வளையம் ஏதும் இல்லாமல் இருந்தன. 3 வால்களில் கறுப்பும் வெளுப்பும் மாறி மாறி வளையங்கள். "இது இரண்டும் ஒரே ஜாதி இல்லை டீச்சர். ஒன்று பெண், ஒன்று ஆணாக இருக்குமோ?"

புளியந்தோப்பு வைத்திருக்கும் தாத்தா ஒருவர், பேத்தியை அழைத்துப்போக வந்தவர், கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு பார்த்தார். "டீச்சரம்மா, வளையம் போட்டது புனுகுப்பூனை. இந்த மொட்டைக் கறுப்பு மரநாய். கள்ளு முட்டியில் வாயை வைப்பதும் இதுதான்." பறவைப் பெயர் நூறு தெரிந்த எனக்கு வாலை வைத்து ஆளைச் சொல்லத் தெரியவில்லை, பிறகு வழிகாட்டி நூலில் பார்த்தால் அவர் சொன்னது அப்படியே இருந்தது. புனுகுப்பூனைக்கு வளைய வாலும் உடம்பில் வரிசைப் புள்ளிகளும். மரநாய்க்கு வளையமற்ற வாலும் முகமூடி போட்டதுபோன்ற கறுத்த முகமும்.

கர்நாடகத்தின் நாகரஹொளேக் காட்டில் வன உயிரியலாளர் உல்லாஸ் கரந்த் 1990-களில் தானியங்கிக் கேமராக்களைக் கொண்டு புலிகளை எண்ணிய கதையை அடுத்த வகுப்பில் சொன்னேன். புலியின் வரிகள் நம் கைரேகை மாதிரி, ஒன்றுக்கு இருப்பது இன்னொன்றுக்கு இருக்காது. ஒரே புலிக்குக்கூட இடப்பக்க வரியும் வலப்பக்க வரியும் வேறு. அதனால் வழியின் இரு பக்கமும் ஒவ்வொரு கேமரா வைப்பார்கள். அவர்களுக்கும் முகம் தேவைப்படவில்லை, விலாதான் தேவைப்பட்டது என்றதும் பதிவேட்டுக்காரிக்குத் தலை நிமிர்ந்துவிட்டது.

பப்பாளி வழக்கில் அடுத்த தடயம் சுற்றுச்சுவரின் மேல் கிடந்தது. விதை விதையாக எச்சம். மரநாய் இப்படித் திறந்த மேட்டில் கழித்துவிட்டுப் போவது வழக்கம். ஒருவன் குச்சியால் கிளறி விதைகளை எடுத்துக் கழுவி, தொட்டியில் ஊன்றினான். சில முளைத்தன.

டப்பாவின் சிக்கலுக்கும் கடைசியில் விடை கிடைத்தது. சென்சாரைப் பிரித்து, மூன்று கம்பிகளை ஒன்றரை மீட்டர் நீட்டி, மாத்திரைக் குப்பி ஒன்றுக்குள் வைத்து வேலிக்கு வெளியே கொண்டுபோய் வழிக்குக் குறுக்காக நிறுத்தினோம். கேமரா உள்ளே, வழியைப் பார்த்தபடி. வருகிறவன் வாசலுக்கு வெளியிலேயே மணியை அடித்துவிட்டு வருகிறான். இரண்டு விநாடி கழித்து முகத்தோடு நிற்கிறான். மார்ச் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, அதிகாலை 3 மணி 12 நிமிடத்துக்கு மரநாய் ஒன்று முன்னங்கால் ஒன்றைத் தூக்கியபடி, கண் இரண்டும் வெள்ளைப் பொட்டாக மின்ன, எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டு மெகாபிக்சல், ஓரங்கள் மங்கல், மூக்கில் வெளிச்சம் அதிகம். என் தோள்பையில் இருக்கும் கேமராவின் விலைக்கு இந்த டப்பாவைப்போல் முப்பது செய்யலாம். ஆனால் அதில் இப்படி ஒரு படம் நான் எடுத்ததில்லை. ஏழாம் வகுப்புப் பையன்கள் கும்பலாகச் சத்துணவுக் கூடத்துக்குப் போய் அமைப்பாளர் அம்மாவிடம் படத்தைக் காட்டினார்கள். அன்று அவர்களுக்கு ஆளுக்கு ஒரு முட்டை கூடுதலாக விழுந்ததாகக் கேள்வி.

இடையில் ஒரு படம் எங்களைத் தயங்கவைத்தது. இரவு 2 மணிக்குக் குடத்தோடு ஒரு பெண். பள்ளிக் கிணற்றுக்கு வந்தவர். கோடை தொடங்கியிருந்தது, தெருக்குழாயில் தண்ணீர் வருவதில்லை. யாரென்று பிள்ளைகளில் இரண்டு பேருக்குத் தெரிந்தது. சொல்ல வாயெடுத்தவனை மற்றவன் தொடையில் கிள்ளியதை நான் பார்த்தேன். அந்தப் படத்தை அழித்துவிட்டு, மனிதர் விழுந்தால் யாருக்கும் காட்டாமல் அழிப்பது என்று நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொண்டோம். கிணற்றுப் பக்கம் திரும்பாதபடி டப்பாவையும் சற்று நகர்த்தினோம். காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதியில்லாமல் ஒரு கேமராவையும் வைக்கக் கூடாது என்பதும் அதே பக்கத்தில் இருக்கிறது. பழத்தை வெட்டிப்போட்டு ஆசை காட்டலாமே என்று வந்த யோசனையையும் நான் ஏற்கவில்லை. நாய்கள் திரியும் ஊருக்குள் அதை வரவழைத்துப் பழக்கிவிட்டால் படம் கிடைக்கும், மரநாய் கிடைக்காது.

எறும்புகள் பற்றியும் ஒரு வரி: சூடான பேட்டரிப் பக்கத்தில் முட்டையோடு குடியேறின. கட்டிய கயிற்றில் வேப்பெண்ணெய் தடவினோம். ஒரு வாரத்துக்கு ஒரு முறை மறுபடி தடவவேண்டும்.

தேவாங்கை மறந்துவிட்டார்களா என்றால், இல்லை. வழக்கு முடிந்த மறுநாளே வந்து நின்றார்கள். தாத்தாவின் புளியந்தோப்பில் தேவாங்கு உண்டு. சிவப்புத் தாள் ஒட்டிய டார்ச்சில் கிளைகளுக்கு நடுவே ஆரஞ்சு நிறத்தில் இரண்டு கண் மின்னுவதை அவரே பேத்திக்குக் காட்டியிருக்கிறார். எந்தத் தோப்பு என்பதை வெளியில் யாரிடமும் சொல்வதில்லை என்று சத்தியம் வாங்கிக்கொண்டு, அவர் அனுமதியோடு டப்பாவைக் கிளையை நோக்கிக் கட்டினோம். ஆறு இரவுகள். கார்டில் ஒன்றுமில்லை. ஒரு கைப்பிடி உடம்பு, அணு அணுவாக நகரும் நடை. வெப்ப வித்தியாசம் சட்டென்று இடம் மாறினால்தான் துள்ளும் சென்சார் எப்படி அதை அறியும்? அடுத்த வகுப்பில் இதைச் சொல்லி, இந்தக் கருவியால் ஆகாது என்று முடித்துவிட்டேன்.

34 நாள் கணக்குப் போட்டவள் எழுந்தாள். "சென்சாரே வேண்டாம் டீச்சர். அது மெதுவாகத்தானே போகும்? இரண்டு நிமிடத்துக்கு ஒரு படம் எடுத்துக்கொண்டே இருந்தால்?" பேட்டரி தாங்காது என்று நான் வழக்கம்போல் சொன்னேன். அவள் நோட்டை நீட்டினாள். இரவு 7 முதல் காலை 5 வரை 10 மணி நேரம், 300 படம். படத்துக்கு 5 விநாடி, விளக்கோடு சேர்த்து 500 மில்லி ஆம்பியர். மொத்தம் 208. 5 வோல்ட்டாக உயர்த்துவதில் போகும் நட்டம் சேர்த்து 330. பகல், இரவுத் தூக்கத்துக்கு 240. ஆக 570, 5000-க்கு எட்டு இரவு வரும். அடியில் ஒரு கோடு போட்டு, 'வாழையிலை இல்லை' என்று எழுதியிருந்தாள்.

கூட்டலை இரண்டு முறை சரிபார்த்தேன். பிழையில்லை. சென்சார் கம்பியைக் கழற்றிவிட்டோம். செல்கள் சார்ஜில் இருக்கின்றன. வேப்பெண்ணெய் வாங்கவேண்டும். புதன்கிழமை சாயங்காலம் தாத்தா ஏணி தருவதாகச் சொல்லியிருக்கிறார்.